செக் கேஸும் வாட்ஸ்அப் தீர்ப்புகளும்

எங்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றும்: "செக் கேஸ்: சுப்ரீம் கோர்ட் அதிரடி!" கீழே ஒரே ஒரு வரி இருக்கும். ஒரு மாதம் அது பணம் தர வேண்டியவனுக்குச் சாதகமாக இருக்கும், அடுத்த மாதம் பணம் வர வேண்டியவனுக்கு. நான் திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறவன். பவர் டேபிள், ஓவர்லாக், பீஸ் ரேட், இதுதான் தெரிந்த உலகம். 2023-இல் எனக்கு வந்த ஒரு செக் திரும்பி, கேஸ் போட்டு, 2025 டிசம்பர் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தது. இடையில் வந்த ஒவ்வொரு 'அதிரடி'யையும் என் கேஸ் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்பாகப் படித்துப் பார்த்தேன். அந்த ஒரு வரியும் தீர்ப்பும் அப்படியே ஒத்துப்போனது குறைவு. தீர்ப்பில் 'ஆனால்' என்று ஒரு பாரா வரும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தப் பாராவில்தான் இருக்கும்.

நான் வக்கீல் இல்லை. கேஸ் நடத்தியவன் பார்த்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான். உங்கள் கேஸுக்கு உங்கள் வக்கீல் சொல்வதுதான் பேச்சு.

பார்ட்டி வெளியூர்க்காரர்கள், இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் பார்ட்னர்ஷிப். தைத்துக் கொடுத்த சரக்குக்கு 5,30,000 ரூபாய்க்குப் பின்தேதி போட்டு ஒரு செக் கொடுத்திருந்தார்கள். தேதி வருவதற்கு முன் 50,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டு, "மீதியை அடுத்த வாரம் போட்டுடறோம்ணா, செக்கை மட்டும் பேங்கில போட்டுடாதீங்க" என்றார்கள். அந்த அடுத்த வாரம் வந்து போனது. பேங்குக்குப் போகும் முன் செக்கை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை இப்படியே போடாதீங்கண்ணா. இதைத் திருப்பிக் கொடுத்துட்டு 4,80,000-க்குப் புது செக் வாங்கிட்டு வாங்க" என்றார்.

காரணம் 2022 அக்டோபரில் வந்த ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. செக் கொடுத்த பிறகு, அதை பேங்கில் போடும் முன் ஒரு பகுதிப் பணம் வந்துவிட்டால், முழுத் தொகைக்கு அந்த செக்கைப் போடக் கூடாது. செக் போடும் நாளில் எவ்வளவு பாக்கி இருக்கிறதோ அதற்குத்தான் அது நிற்க வேண்டும். வந்த பணத்தைச் செக்கிலேயே குறித்து மீதிக்கு மட்டும் போடலாம், அதற்கு, செக் கேஸ்கள் நடக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 56 இடம் தருகிறது. குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டால், திரும்பினாலும், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138-ஆம் பிரிவில் அது குற்றம் ஆகாது. எங்கள் தொழிலில் ஜிபேயில் பத்தாயிரம், இருபதாயிரம் என்று துண்டு துண்டாக வருவதுதான் வழக்கம். அந்தத் துண்டுகளே பின்னால் கேஸைச் சாய்த்துவிடும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

புது செக் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பது தனிக் கதை, ஒரு டீக்கடை பஞ்சாயத்தில் முடிந்தது. போட்டேன், "ஃபண்ட்ஸ் இன்சஃபிசியண்ட்" என்று திரும்பியது.

இங்கிருந்துதான் தேதிக் கணக்கு ஆரம்பம். என்னைக் கேட்டால் செக் கேஸில் பாதி முடிவு கோர்ட் வாசலை மிதிப்பதற்கு முன்பே, இந்தத் தேதிகளில் தீர்ந்துவிடுகிறது. ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து மார்ச் 10-ஆம் தேதி வருகிறது என்று வையுங்கள். அந்த நாளை விட்டுவிட்டு 30 நாள், அதாவது ஏப்ரல் 9-க்குள், நோட்டீஸ் தபாலில் போயாக வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்கு மார்ச் 20-இல் போய்ச் சேர்ந்தால் பணம் கட்ட அவருக்கு 15 நாள், ஏப்ரல் 4 வரை. கட்டவில்லை என்றால் ஏப்ரல் 5-ஆம் தேதி உங்களுக்கு வழக்குப் போடும் உரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். ஒரு மாதம் என்றால் காலண்டர் மாதம், 30 நாள் இல்லை. அவசரப்பட்டு அந்த 15 நாள் முடியும் முன்பே போட்டாலும் புகார் நிற்காது, 2014-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. புகார் தாக்கல் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்பு கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. நோட்டீஸுக்கான 30 நாள் தவறினால் அந்த வழி இல்லை.

தவறினால் எல்லாமே போச்சு என்றும் இல்லை. செக் செல்லும் 3 மாதத்துக்குள் இன்னொரு முறை போட்டு, மறுபடி திரும்பினால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக நோட்டீஸ் விடலாம். சென்னையிலிருந்து மேலே போன எம்எஸ்ஆர் லெதர்ஸ் வழக்கில் 2012-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தீர்த்துவைத்தது. "பார்ட்டி டைம் கேக்கறார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருக்கிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு கொஞ்சம் மூச்சு விட இடம் தரும்.

நோட்டீஸ் எழுதும்போது நான் ஒரு விஷயத்தில் வக்கீலோடு வாதாடினேன். வட்டி, சரக்கு நின்றதால் வந்த நஷ்டம் எல்லாம் கூட்டி ஒரே தொகையாகக் கேட்கலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. முதல் பாராவில் 4,80,000, எண்ணிலும் எழுத்திலும். வட்டி வேண்டுமென்றால் வேறு பாராவில், தனியாக. டைப் ஆகி வந்த பிறகு செக்கின் ஜெராக்ஸைப் பக்கத்தில் வைத்து செக் நம்பர், தேதி, தொகை மூன்றையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். அப்போது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. 2025 செப்டம்பர் 19-இல் காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. செக் ஒரு கோடிக்கு, நோட்டீஸில் கேட்டது இரண்டு கோடி. டைப்பிங் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள். தலைமை நீதிபதி கவாய் அமர்வு ஏற்கவில்லை. நோட்டீஸில் செக் தொகை அச்சு அசலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோட்டீஸே செல்லாது என்று முடித்துவிட்டது. அந்தச் செய்தி எங்கள் குழுவில் "நோட்டீஸில் வட்டி கேட்டால் கேஸ் காலி" என்று சுற்றியது. தீர்ப்பில் அப்படி இல்லை. செக் தொகையைத் தெளிவாகத் தனியாகச் சொல்லிவிட்டு மற்றதைத் தனியாகக் கேட்டால் தடை ஒன்றும் இல்லை.

நோட்டீஸ் யார் பேருக்கு? வக்கீல் மூன்று கவர் போட்டார்: ஃபர்ம் பேருக்கு ஒன்று, பார்ட்னர் இருவருக்கும் தலா ஒன்று. கையெழுத்துப் போட்டவர் ஒருவர்தானே என்று கேட்டேன். "தபால் செலவு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லைண்ணா" என்றார். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் கம்பெனியைச் சேர்க்காமல் டைரக்டர் மேல் மட்டும் கேஸ் நிற்காது, அது 2012 தீர்ப்பு. பார்ட்னர்ஷிப்புக்கும் அப்படியே என்றுதான் பல கோர்ட்டுகளில் வாதாடி வந்தார்கள். 2025 ஜூலையில், நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில், நீதிபதி நாகரத்னா அமர்வு அதை மாற்றியது. ஃபர்ம் என்பது பார்ட்னர்களைத் தாண்டித் தனி ஆள் இல்லை, அதனால் ஃபர்ம் பேரைச் சேர்க்காவிட்டாலும் பார்ட்னர்கள் மேல் புகார் நிற்கும் என்றது. நல்ல தீர்ப்பு. அதற்காக ஃபர்ம் பேரை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்தக் கேள்வி முளைக்கவே இடம் கொடுக்காத நோட்டீஸ்தான் நல்ல நோட்டீஸ்.

மூன்று கவரில் ஒன்று "கதவு பூட்டப்பட்டுள்ளது, இன்டிமேஷன் கொடுக்கப்பட்டது" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். கோர்ட்டில் அது ஒரு சான்றாவணம். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் போயிருந்தால் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். "எனக்கு நோட்டீஸே வரல" என்று சொல்பவர், கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளில் பணத்தைக் கட்டியிருக்கலாமே என்று 2007-லேயே சுப்ரீம் கோர்ட் கேட்டுவிட்டது. டிராக்கிங் பக்கத்தையும் அன்றைக்கே பிரிண்ட் எடுத்துவிடுங்கள், ரொம்ப நாள் கழித்துத் தேடினால் அது இருக்காது.

கேஸ் எந்த ஊரில் போடுவது என்ற குழப்பம் இப்போது இல்லை. உங்கள் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த ஊர் கோர்ட். 2014-இல் ஒரு தீர்ப்பால் பல கட்டுகள் செக் கொடுத்தவரின் பேங்க் இருக்கும் ஊருக்கு அனுப்பப்பட்டதையும், 2015-இல் சட்டத்தைத் திருத்தி அதை மாற்றியதையும் எங்கள் சங்கத்துப் பெரியவர்கள் இன்னும் பெருமூச்சோடு பேசுவார்கள்.

புகார் தாக்கலான பிறகு நடப்பதை நீட்டி எழுத ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முயல வேண்டும், அவ்வளவுதான். சம்மன் போகும், ஆள் இல்லை என்று வரும், மறுபடி போகும். அப்புறம் பிடிவாரண்ட். இதில் நாம் பார்க்க வேண்டியது பேட்டா, அதாவது சம்மன் அனுப்ப நாம் கோர்ட்டில் கட்டும் கட்டணம். அதைக் கட்டாமல் விட்டால் புகார் தள்ளுபடியாகலாம். குமாஸ்தா கட்டிவிட்டாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். இகோர்ட்ஸ் ஆப்பில் உங்கள் கேஸுக்குக் கொடுத்திருக்கும் சிஎன்ஆர் நம்பரைப் போட்டால் அடுத்த வாய்தா தேதியும் கேஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். வாய்தா அன்று நீங்களும் வராமல், வக்கீலும் மனுப் போடாமல் விட்டால் எதிராளி விடுதலையாகிவிட வழி இருக்கிறது. அவர் காத்திருப்பதே அந்த நாளுக்காகத்தான்.

ஆஜராகிக் குற்றத்தை மறுத்ததும் 143ஏ பிரிவில் இடைக்கால நட்ட ஈட்டுக்கு மனுப் போட்டோம். 2018-இல் வந்த திருத்தம் இது, செக் தொகையில் 20 சதவீதம் வரை கேட்கலாம். குழுவில் இதைப் பற்றி "20 சதவீதம் கட்டாயம் கிடைக்கும்" என்று ஒரு பழைய செய்தி உண்டு. 2024 மார்ச்சில் நீதிபதி ஓகா அமர்வு சொன்னது வேறு: கோர்ட் கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. புகாரில் முதல் பார்வைக்குப் பலம் இருக்கிறதா, எதிராளியின் பண நிலை என்ன, அவர் சொல்லும் மறுப்பு நம்பும்படி இருக்கிறதா என்று பார்த்துக் காரணம் எழுதித்தான் உத்தரவு போட வேண்டும். அதனால் வெறும் ஒரே ஒரு பக்கத்தில் மனுப் போடாமல் பில், டெலிவரி சலான், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் சேர்த்துப் போட்டார் வக்கீல். 10 சதவீதம் கிடைத்தது, 48,000. குறைவுதான். ஆனால் கையில் ஒரு தொகை வந்த பிறகு எதிர்த்தரப்பின் பேச்சுத் தொனியே மாறியது.

மேல்முறையீட்டில் வேறு கணக்கு. தண்டனைக்குப் பிறகு அப்பீல் போனால், விதித்த அபராதத்திலோ நட்ட ஈட்டிலோ குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்ல 148-ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் செய்திகள்தான் அதிகம்.

குறுக்கு விசாரணையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பலர் பயப்படுவது அதற்குத்தான். கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் செக்கைக் காட்டி, "கையெழுத்து ஒரு மையிலும் தேதி வேறு மையிலும் இருக்கிறது என்றால் சரிதான்?" என்றார். "சரிதான்" என்றேன். இருந்தது, அதை மறுத்து என்ன பயன்? அடுத்து, "செக்யூரிட்டிக்காகக் கொடுத்த வெற்று செக்கை நீங்களே பூர்த்தி செய்து பொய்யாக வழக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று சொன்னால்?" "சரியல்ல." டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டே இருந்தார். இந்த இரண்டு பதிலும் எழுத்தில் ஏறியதோடு அந்த வாதம் பெரிதாக நகரவில்லை. கையெழுத்துத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால், மற்ற இடங்களை யார் எழுதினார்கள் என்பது செக்கைக் கெடுக்காது என்று 2019 தீர்ப்பு இருக்கிறது. 139-ஆம் பிரிவுப்படி கடனுக்காகத்தான் கொடுத்தது என்ற அனுமானம் நம் பக்கம். அது இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருக்கு.

ஆனால் இந்த அனுமானத்தை மலையாக நம்பிவிடக் கூடாது. அவர் சந்தேகத்துக்கு இடமின்றி எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. நம் சாட்சியத்திலேயே ஓட்டை காட்டினால் போதும், அனுமானம் உடைந்துவிடும். கைமாற்றுக் கடன் கேஸ்களில் "அவ்வளவு பணம் உங்களிடம் எங்கிருந்து வந்தது?" என்ற ஒரே கேள்வியில் பல புகார்கள் சாய்ந்திருக்கின்றன. எனக்குத் துணைக்கு நின்றது ஜிஎஸ்டி. என் பில்கள் அவர்களுடைய 2பி-யில் (வாங்கிய சரக்குக்கான வரி வரவைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியலில்) ஏறி, அதற்கு வரி வரவும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "சரக்கே சரியாக வரவில்லை" என்று சொன்னவர்கள் அதே சரக்கின் பில்லுக்கு வரவு எடுத்தது எப்படி என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. சலானில் வாங்கியவர் கையெழுத்தோடு பேரும் தேதியும் எழுதி வாங்கும் பழக்கம் எங்கள் யூனிட்டில் முன்பிருந்தே உண்டு. வாட்ஸ்அப் உரையாடலைச் சான்றாகக் கொடுக்க வேண்டுமென்றால் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் போதாது, மின்னணு ஆவணச் சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் அது 65பி, 2024 ஜூலை 1-இலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தில் 63. கேஸ் முடியும் வரை அந்த போனை மாற்றி எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

2025 செப்டம்பர் 25-இல் நீதிபதிகள் மன்மோகன், அஞ்சாரியா அமர்வு ஒரு கோவா வழக்கில் கொடுத்த தீர்ப்புதான் எங்கள் கேஸை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதில் செக் கேஸ்களுக்கு ஒரு கட்டு வழிமுறைகள் இருக்கின்றன. சம்மனைப் புகார்தாரரே நேரிலும் கொண்டுபோய்க் கொடுக்கலாம், ஆரம்பத்திலேயே ஆன்லைனில் பணம் கட்ட கோர்ட்டில் வசதி வேண்டும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-ஆம் பிரிவைக் காட்டி, புகாரை எடுப்பதற்கு முன்பே எதிராளிக்குச் சம்மன் அனுப்பத் தேவையில்லை என்பதெல்லாம் இப்போது கேஸ் போடுகிறவர்களுக்கு உதவும். 20,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த கடன் வருமான வரிச் சட்டத்தை மீறியதாக இருந்தாலும், அதற்காகக் கடனே செல்லாது என்று ஆகிவிடாது என்பதும் அதில்தான்.

எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது வேறு பாராவை. தாமதமாகச் சமரசத்துக்கு வரும் எதிராளி செக் தொகைக்கு மேல் கட்ட வேண்டிய செலவுத் தொகைக்கு 2010 முதல் ஒரு அட்டவணை இருந்தது. அதை இந்தத் தீர்ப்பு குறைத்திருக்கிறது. "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சுங்க, செலவே இல்லாம முடிச்சுக்கலாம்" என்று பார்ட்னர் ஒருவர் போன் செய்தார். நாங்கள் தீர்ப்பைத் திறந்து பார்த்தோம். எதிராளியின் சாட்சியம் பதிவாவதற்கு முன் செக் தொகையைக் கட்டினால் செலவு இல்லை. அதற்குப் பிறகு, தீர்ப்புக்கு முன் என்றால் 5 சதவீதம். அப்பீலில் 7.5, சுப்ரீம் கோர்ட் வரை போனால் 10. அவர்கள் தரப்புச் சாட்சி ஏற்கெனவே ஏறி இறங்கியாகிவிட்டது. ஆகவே 5 சதவீதம், 24,000. லோக் அதாலத்துக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை என்றார்கள். அங்கேயும் அட்டவணை பொருந்தும், குறைப்பதென்றால் காரணம் எழுத வேண்டும் என்று 2014 தீர்ப்பு சொல்கிறது. அந்த 24,000 நமக்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சட்டப்பணிகள் ஆணைக் குழுவுக்குப் போகும் பணம் அது.

எனக்கு ஆகாத பாராவும் அதே தீர்ப்பில் இருந்தது. எதிராளி செக் தொகையைக் கட்டத் தயார், ஆனால் புகார்தாரர் அதற்கு மேலும் கேட்கிறார் என்றால், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழியை மாஜிஸ்திரேட் எதிராளிக்குச் சொல்லலாம், நன்னடத்தைச் சட்டப் பலனும் (ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியில் விடுவது) கிடைக்கலாம். நான் மூன்று வருட வட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வக்கீல் அந்தப் பாராவை என்னையே படிக்க வைத்தார். படித்ததும் வட்டியை விட்டேன். ஏற்கெனவே வந்த 48,000 போக மீதி 4,32,000, இரண்டு தவணை.

இன்னொன்று. செக் கேஸ் நடக்கிறது என்பதற்காக சிவில் வழக்குக்கான 3 வருடக் கெடு நிற்காது. 2025 வாக்கில் என் கெடுவும் நெருங்கிக்கொண்டிருந்தது, தாவாவுக்கான காகிதங்களைத் தயாராகவே வைத்திருந்தோம். சிறு தொழில் பதிவு உள்ளவர்களுக்கு 45 நாளில் பணம், தவறினால் கூட்டு வட்டி என்று எம்எஸ்எம்இ சட்டத்தில் தனி வழியும் இருக்கிறது. ஆர்டர் எடுக்கும் முன்பே அந்தப் பதிவை (உத்யம்) வைத்திருப்பது நல்லது.

இந்தத் தீர்ப்புகளை எல்லாம் காசு கொடுத்துத் தேட வேண்டாம். சுப்ரீம் கோர்ட்டின் இஎஸ்சிஆர் தளத்தில் இலவசமாக இருக்கின்றன, சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. சட்டப் பிரிவுகள் இந்தியா கோட் தளத்தில். படிக்கும்போது நான் பார்ப்பது: அந்தக் கேஸ் எந்தக் கட்டத்தில் அங்கே போனது, பழைய நடைமுறைச் சட்டமா புதியதா, நீதிபதிகள் 'வேண்டும்' என்கிறார்களா 'லாம்' என்கிறார்களா.

லோக் அதாலத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் கூட்டமும் அவசரமுமாக இருக்கும். உத்தரவில் தவணைத் தேதி, தொகை, எந்தக் கணக்குக்கு ஆர்டிஜிஎஸ், ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் வட்டியோடு என்ற வரி, இவை எல்லாம் ஏறியிருக்கிறதா என்று நின்று படித்தோம். அவர்கள் மீண்டும் செக் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றோம். செக் கேஸில் போட்ட லோக் அதாலத் உத்தரவையும் சிவில் டிக்ரி போல நிறைவேற்றலாம் என்று 2011-இல் தீர்ப்பு இருக்கிறது. அதனால் பணம் வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, நிறைவேற்று மனுப் போட்டால் போதும். அந்த உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே நகல் மனுப் போட்டுவிடுங்கள்.